தகட்டில் இருக்கும் கல்யாணம்

உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். உறையின்மேல் மாலையும் கழுத்துமாக உங்கள் பெற்றோரின் படம் அச்சாகியிருக்கும். உள்ளே, வெளிச்சத்தில் காட்டினால் வானவில் நிறங்கள் மின்னும் ஒரு டி.வி.டி. தகடு இருக்கும். சற்று முந்திய கல்யாணமானால் வி.சி.டி. தகடுகள் இரண்டோ மூன்றோ இருக்கலாம்.

தகடு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் கருவி இருக்கிறதா? பல வீடுகளில் அது பரணுக்குப் போய்விட்டது. புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகடு செருகும் இடமே கிடையாது. ஆகவே, "நீ கம்ப்யூட்டர் படிக்கிறாயே, இதைக் கைப்பேசியில் பார்க்கும்படி மாற்றிக் கொடேன்" என்று வீட்டில் யாராவது உங்களிடம் கேட்கும் நாள் நிச்சயம் வரும்.

மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பொத்தானை அழுத்தினால் மாறிவிடும். ஆனால் பொத்தானை அழுத்துமுன் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் அழுத்தினால் திரும்பப் பெறவே முடியாத ஒன்றை இழக்க நேரிடும். நான் இழந்திருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கணக்கு.

இரண்டரை நிமிடக் கணக்கு

நம் நாட்டு முறையில் பதிவான டி.வி.டி. படம் ஒன்று குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 புள்ளிகளும் கொண்டது. பெருக்குங்கள்: 4,14,720 புள்ளிகள். ஒரு விநாடிக்கு இப்படி 25 படங்கள். ஆக விநாடிக்கு 1,03,68,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பைட் இடம். எனவே விநாடிக்கு ஏறத்தாழ 3 கோடியே 11 லட்சம் பைட்டுகள் தேவை.

தகட்டின் கொள்ளளவு எவ்வளவு? ஓர் அடுக்குத் தகட்டில் 470 கோடி பைட்டுகள் கொள்ளும். வகுத்துப் பாருங்கள். 151 விநாடிகள், அதாவது இரண்டரை நிமிடம்! மாப்பிள்ளை அழைப்பின் கார் மண்டப வாசலில் வந்து நிற்பதற்குள் தகடு நிறைந்துவிடும்.

ஆனால் அதே தகட்டில் இரண்டு மணி நேரக் கல்யாணம் இருக்கிறதே, எப்படி? படம் ஏறத்தாழ 48 மடங்கு சுருக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் பார்க்கும் எந்த வீடியோவும் இப்படிச் சுருக்கப்பட்டதுதான். இந்தச் சுருக்கத்தைப் புரிந்துகொண்டால் போதும். மாற்றும் மென்பொருள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே தெரிந்துவிடும்.

கண்ணை ஏமாற்றும் வித்தை

முதல் வித்தை நம் கண்ணின் குறையைப் பயன்படுத்துகிறது. வெளிச்ச வேறுபாட்டை நம் கண் நுட்பமாகக் காணும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாகக் காணாது. எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு முறை குறித்தால் போதும். நான்கு புள்ளிகளுக்கு 12 எண்கள் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 6 எண்கள்தான். ஒரே அடியில் பாதி மிச்சம்! அம்மாவின் கூறைப் புடவைச் சிவப்பு, ஜரிகையின் ஓரத்தில் மிக லேசாகக் கசிந்திருக்கும். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது வித்தை இன்னும் சுவையானது. மணமேடையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பூ அலங்காரம், பக்கத்தில் குத்துவிளக்கு. ஒரு விநாடியின் 25 படங்களிலும் இவை அப்படியே இருக்கின்றன. ஐயர் கை மட்டும் அசைகிறது. அப்படியானால் 25 முறையும் பூ அலங்காரத்தை ஏன் எழுத வேண்டும்? ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒரு முறை மட்டும் ஒரு படத்தை முழுமையாக எழுதுகிறார்கள். இடையிலுள்ள படங்களுக்கு, "முந்தைய படத்தில் இந்த இடத்தில் இருந்த கட்டம் இப்போது இத்தனை புள்ளி வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, மிச்ச வேறுபாடு இது" என்று குறிப்பு மட்டும் எழுதுகிறார்கள். சில படங்கள் பின்னால் வரப்போகும் படத்தையும் பார்த்து எழுதப்படுவதுண்டு.

இந்த வித்தை தோற்கும் இடம் எது தெரியுமா? கெட்டிமேளம் முழங்க அட்சதை தூவும் நேரம்! ஆயிரக்கணக்கான அரிசிகள் ஆளுக்கொரு திசையில் பறக்கின்றன. புகைப்படக்காரரின் விளக்கு பளீரென்று மின்னி ஒரே கணத்தில் காட்சி முழுவதையும் வெளுக்கச் செய்கிறது. முந்தைய படத்தை வைத்து எதையும் ஊகிக்க முடிவதில்லை. உங்கள் வீட்டுத் தகட்டில் தாலி கட்டும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். படம் சிறு சிறு கட்டங்களாகச் சிதறியிருந்தால் காரணம் இதுதான். எந்தக் காட்சி மிக முக்கியமோ அதுவே சுருக்குவதற்கு மிகக் கடினமான காட்சியாக அமைந்துவிட்டது.

அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன? அங்கேதான் மூன்றாவது வித்தை இருக்கிறது. படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 எண்களை, 64 அலை வடிவங்களின் அளவுகளாக மாற்றி எழுதுகிறார்கள். மெதுவாக மாறும் வெளிச்சத்துக்குச் சில அலைகள். கூர்மையான விளிம்பு, மயிரிழை போன்ற நுணுக்கங்களுக்கு வேறு சில. இப்படிப் பிரித்த பிறகு, கண்ணுக்கு முக்கியமில்லாத நுண்ணிய அலைகளின் அளவுகளைத் தோராயமாக்குகிறார்கள். 47 என்பதை 50 என்றும், 3 என்பதைப் பூஜ்யம் என்றும் எழுதுவது போல. பூஜ்யங்கள் வரிசையாக வந்தால் "இங்கே 40 பூஜ்யங்கள்" என்று ஒரே குறிப்பில் எழுதிவிடலாமல்லவா?

இந்த அலை மாற்றத்தை 1974-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் மூவர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்து, அங்கே பொறியியல் படித்து, அமெரிக்கா சென்றவர். 1972-இல் இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. நிதியில்லாமலே தொடர்ந்தார். வி.சி.டி., டி.வி.டி., கைப்பேசியில் எடுக்கும் சாதாரணப் புகைப்படம் என எல்லாவற்றுக்குள்ளும் அந்த மாற்றமோ அதன் உறவுமுறையோ இருக்கிறது.

தோராயமாக்கியதால் போனது போனதுதான் என்பதை மட்டும் நன்றாக மனத்தில் இருத்துங்கள். 50 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது முன்பு 47-ஆ 52-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது.

மூட்டையை மாற்றுவதும் மாவரைப்பதும்

இனி மாற்றும் வேலைக்கு வருவோம். எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்று கோப்புப் பெயர்களின் வால்களைப் பார்த்திருப்பீர்கள். பலரும் இவற்றைப் படத்தின் வகை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இவை பெட்டிகளின் பெயர்கள். பெட்டிக்குள் படம் ஒரு பொட்டலம், ஒலி ஒரு பொட்டலம், இரண்டும் எப்போது சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்ற நேரக்குறிப்பு ஒன்று. படப் பொட்டலம் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது தனி விஷயம். டி.வி.டி.யில் அது எம்பெக்-2 என்ற முறை. கைப்பேசிகளில் பெரும்பாலும் 2003-இல் வெளியான எச்.264 என்ற முறையோ, 2013-இல் வந்த எச்.265 முறையோ இருக்கும்.

ஆகவே "மாற்றுதல்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அரிசியைச் சாக்கு மூட்டையிலிருந்து தகர டின்னுக்குக் கொட்டுவது ஒன்று. ஓர் அரிசிகூட மாறாது. வேண்டுமானால் மீண்டும் சாக்கிலேயே கொட்டிக்கொள்ளலாம். அரிசியை மாவாக அரைப்பது மற்றொன்று. மாவு பயனுள்ளதுதான், ஆனால் மாவிலிருந்து அரிசி வராது.

பெட்டி மட்டும் மாறும்போது மென்பொருள் படத்தைத் தொடுவதேயில்லை. பைட்டுகளை அப்படியே நகலெடுக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். சுருக்கும் முறை மாறும்போதோ, மென்பொருள் பழைய சுருக்கத்தை விரித்து, முழுப் படங்களாக்கி, புதிய முறையில் மறுபடி சுருக்குகிறது. ஏற்கெனவே தோராயமானது மீண்டும் ஒரு முறை தோராயமாகிறது. பழைய கணிப்பொறியானால் மணிக்கணக்கில் ஆகும். இப்போது ஓர் உளவு வேலை சொல்லித் தருகிறேன்: இரண்டு மணி நேரப் படம் மூன்று நிமிடத்தில் மாறிவிட்டால் நடந்தது பெட்டி மாற்றமாகத்தான் இருக்கும். விசிறி இரைந்து, கணிப்பொறி சூடேறினால், மாவு அரைபடுகிறது என்று பொருள்.

இனி என் கதை. என் அக்காவின் திருமணத் தகட்டை 2009-இல் என் கைப்பேசிக்கு மாற்றினேன். அட்டையில் இடம் குறைவு. மென்பொருள் காட்டிய அளவுகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தேன்: 176 × 144 புள்ளிகள். சிறிய திரையில் படம் நன்றாகவே தெரிந்தது. பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன். தகட்டை ஓர் உறவினர் கேட்டார். "இங்கேதான் இருக்கிறதே" என்று கொடுத்துவிட்டேன். வீடு மாறியபோது அவரிடம் அது தொலைந்தது. பிறகு எங்கள் அப்பத்தா காலமானார். அவர் நடமாடிப் பேசிய படம் அந்தக் கல்யாணத்தில் மட்டுமே இருந்தது. பெரிய தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தோம். தகட்டின் 16 புள்ளிகளுக்கு என் கோப்பில் ஒரே புள்ளி. மேடையின் ஓரத்தில் நின்ற அப்பத்தாவின் முகம் இருந்த இடத்தில் ஏழெட்டுச் சதுரங்கள் அசைந்தன. அந்த முகத்தை இன்றுள்ள எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. செயற்கை அறிவைக் கொண்டு தெளிவாக்குவதாகச் சொல்லும் மென்பொருள் ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். அது ஒரு கிழவியின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது. ஆனால் அது எங்கள் அப்பத்தா இல்லை!

தகடு ஏன் காத்திராது?

"பீரோவிலேயே பத்திரமாக இருக்கட்டுமே" என்று நீங்கள் கேட்கலாம். தகட்டை ஒரு லேசர் கதிர் படிக்கிறது. டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் கதிர். அது தொடர்ந்து செல்லும் சுருள் பாதையில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர்தான். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிப்பில் ஏறத்தாழ நூறு சுற்றுகள் அடங்கும். சுருளை நீட்டினால் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர்!

கடையில் விற்ற சினிமாத் தகடுகளில் இந்தப் பாதை, ஆலையில் அச்சடிக்கப்பட்ட சிறு குழிகளால் ஆனது. ஸ்டூடியோவில் பதிவு செய்த கல்யாணத் தகடு வேறு சாதி. அதில் ஒரு சாயப் படலம் உண்டு. பதிவு செய்யும் லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு அடையாளமிடுகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் பட்டால் சாயம் மெல்ல மெல்லக் கெடும். தகட்டிலேயே பிழை திருத்தும் குறிப்புகள் கூடுதலாக எழுதப்பட்டிருப்பதால் சிறு கீறல்களைக் கருவி சமாளித்துவிடும். அதனால்தான் தகடு கெட்டுக்கொண்டிருப்பது வெளியே தெரிவதில்லை. பிழைகள் திருத்தும் எல்லையைத் தாண்டும்வரை படம் ஒழுங்காக ஓடும். தாண்டியதும் திடீரென்று நின்றுவிடும். வி.சி.டி.யில் நிலைமை மோசம். அதிகப் படத்தை அடைப்பதற்காகப் பிழை திருத்தும் இடத்தைக் குறைத்தே அதை வடிவமைத்தார்கள்.

இன்னொரு செய்தி. சி.டி., வி.சி.டி. தகடுகளில் பிரதிபலிக்கும் படலம் மேற்பக்கத்தில், பெயர் எழுதும் பக்கத்தின் அடியிலேயே, மெல்லிய பூச்சுக்குக் கீழ் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அதுவே தகட்டுக்கு எமன். டி.வி.டி.யில் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

செய்து பார்ப்போம்

தகடு செருகும் வசதியுள்ள கணிப்பொறி ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளிக்கருவியும் போதும். தகட்டை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டமாகக் கீறல் விழுந்தால் அது பாதையோடு சேர்ந்து ஓடும். அடுத்தடுத்த பைட்டுகள் மொத்தமாகப் போகும். குறுக்குக் கீறலோ சுற்றுக்குச் சில பைட்டுகளையே கெடுக்கும். அவற்றைக் கருவி திருத்திக்கொள்ளும்.

எதையும் மாற்றுமுன் தகட்டிலுள்ளதை அப்படியே வன்வட்டில் நகலெடுங்கள். டி.வி.டி.யைத் திறந்தால் 'வீடியோ டி.எஸ்.' என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் வி.ஓ.பி. என்ற வால் கொண்ட கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டுக்கு மிகாமல் துண்டு துண்டாக இருக்கும். கூடவே உள்ள சிறிய கோப்புகள், எந்தத் துண்டுக்குப் பின் எது என்று சொல்பவை. "சின்னக் கோப்புதானே" என்று விட்டுவிடாதீர்கள். கோப்புறை முழுவதையும் எடுங்கள். பாதியில் கருவி திணறினால் வேறொரு கருவியில் முயலுங்கள். ஒரு கருவி படிக்காததை இன்னொன்று படித்துவிடுவதுண்டு.

அடுத்து மூட்டை மாற்றம். மேக்எம்கேவி, எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருள்கள் துண்டுகளை வரிசையாகச் சேர்த்து, சுருக்கத்தைத் தொடாமல், ஒரே எம்.கே.வி. கோப்பாகத் தரும். எஃப்எஃப்எம்பெக்கில் கட்டளையைத் தட்டெழுத வேண்டும். 'காப்பி' என்ற சொல்லைக் கட்டளையில் சேர்த்தால்தான் அது மாவரைக்காமல் இருக்கும். இந்தக் கோப்பை வி.எல்.சி. போன்ற மென்பொருளில் பார்க்கலாம். இதுதான் உங்கள் மூலப்பிரதி. இதை அழிக்கவே கூடாது.

கைப்பேசிக்கு அனுப்ப இது பெரிதாக இருக்கும். அதற்கு மட்டும் மாவரையுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது, 2003-இல் தொடங்கியது. அதற்கு மூட்டை மாற்றம் தெரியாது; எதைக் கொடுத்தாலும் மறுபடி சுருக்கியே தரும். எம்.பி.4 பெட்டி, எச்.264 முறை என்று தேர்ந்துகொள்ளுங்கள். தரத்துக்கு ஓர் எண் கேட்கும். இங்கே எண் குறைந்தால் தரம் கூடும்! டி.வி.டி. படங்களுக்கு 18 முதல் 22 வரை வையுங்கள். எச்.264 முறை எம்பெக்-2-ஐவிடத் திறமையானது. அதே தரத்தை ஏறத்தாழப் பாதி இடத்தில் தந்துவிடும். அளவை 1080 என்று பெரிதாக்கும் ஆசை வேண்டாம். 576 வரிகளில் இல்லாத நுணுக்கம் 1080 வரிகளில் எங்கிருந்து வரும்? கோப்புதான் பருக்கும்.

அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத் தொலைக்காட்சி, ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளை முதலிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த ஐம்பதில் ஒரு விநாடியிலும் வரைந்தது. கேமராவும் அப்படியே படம் பிடித்தது. இரண்டு கணங்களை ஒரே படமாக ஒட்டினால் கை இரண்டு இடத்தில் தெரியத்தானே செய்யும்? 'டீஇன்டர்லேஸ்' என்ற வசதியைத் தேர்ந்தால் சரியாகிவிடும். இதை மூலப்பிரதியில் செய்யாதீர்கள். கைப்பேசிப் பிரதியில் மட்டும்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கல்யாண வீடியோக்காரர்கள் பெரும்பாலும் பேச்சொலியை அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டைச் சேர்த்திருப்பார்கள். தாத்தா ஆசீர்வதித்த குரல் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு டூயட் ஓடும். அதை எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது.

கடையில் வாங்கிய சினிமாத் தகடுகளில் இவற்றைச் செய்ய முயலாதீர்கள். அவை பூட்டப்பட்டவை, பதிப்புரிமையும் வேறொருவருடையது.

முடிந்ததும் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட வேண்டாம். தகடு பெரும்பாலும் ஓரத்தில் கெடும். ஓர் அடுக்குத் தகட்டில் ஓரம் என்பது படத்தின் கடைசிப் பகுதி. பந்தியும் வழியனுப்புதலும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மூலப்பிரதியை இரண்டு வெவ்வேறு வன்வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். தகட்டையும் பீரோவிலேயே திரும்ப வையுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. வி.சி.டி. படத்தின் அளவு 352 × 288 புள்ளிகள். விநாடிக்கு 25 படங்கள். புள்ளிக்கு மூன்று பைட்டுகள். பைட்டுக்கு 8 பிட்டுகள். தகட்டில் படத்துக்கு விநாடிக்கு 11,50,000 பிட்டுகளே ஒதுக்கப்பட்டுள்ளன. எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள்? விடை 53-க்கு அருகில் வந்தால் சரி.